பட்டம் வேண்டாம், பாடம் போதும்: கல்லாறு எழுப்பும் கேள்வி

புது தில்லி: பட்டம் பெறும் நோக்கமின்றி, ஒரே ஒரு கணிதப் பாடத்தை முறையாகக் கற்க விரும்பும் குடிமகனுக்கு மத்திய அரசின் நிதியில் இயங்கும் உயர்கல்வி நிறுவனத்தின் வகுப்பறையில் இடம் உண்டா? நூற்றாண்டு கண்ட தில்லி பல்கலைக்கழகம் 2022-ஆம் ஆண்டில் "உண்டு" என்று பதில் அளித்தது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி "தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை" என்று அறிவித்த நிறுவனங்களில் பலவற்றில் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இல்லை.

தலைநகரில் அமர்ந்து எழுதும்போது இது ஏட்டளவிலான சர்ச்சையாகத் தோன்றலாம். கேரளத்தின் கல்லாற்றிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் உள்ள சிற்றூர் அது. வாமனபுரம் ஆற்றில் கலக்கும் கல்லாறு, உருண்டைக் கற்களுக்கிடையே ஓடும் இடம். காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் காட்டுக்குள் உள்ளன. மேலே பொன்முடியிலும் போனக்காட்டிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழிவந்தவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு.

இதே சாலையில், கல்லாற்றுக்குச் சற்று முன்பாக, விதுரையில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கிறது இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்). 2008-இல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி வளாகத்தில் தாற்காலிகமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பொன்முடி அடிவாரத்துக்கு இடம் பெயர்ந்த நிறுவனம். இங்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகளுடன் கணிதத் துறையும் முழு அளவில் இயங்குகிறது. பள்ளி முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. அடுத்து முனைவர் பட்டப் படிப்பு. அதற்கு வேறு தேர்வுகள். முதன்மை வாயில்கள் இவையே.

கல்லாற்றில் வசிக்கும் ஒருவர் இளநிலைக் கணிதப் பட்டம் பெற்று, அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் மனப்பாடம் செய்து தேறிய "ரியல் அனாலிசிஸ்" பாடத்தை இப்போது புரிந்து படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. இரண்டாவது பட்டம் அவருக்குத் தேவையில்லை. ஐந்தாண்டு படிக்க வயதும் வசதியும் இல்லை. வாரத்துக்கு மூன்று வகுப்புகள், ஒரு பயிற்சி வகுப்பு, பருவ முடிவில் ஒரு தேர்வு. இவ்வளவுதான் அவர் கேட்பது. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த அறைக்குள் அவர் எந்தப் பெயரில் நுழைவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகையவரைப் "பட்டம் சாரா மாணவர்" என்றோ "வருகை மாணவர்" என்றோ பதிவு செய்துகொள்கின்றனர். பாடத்துக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தித் தேர்வு எழுதினால், மதிப்பெண் சான்று கிடைக்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்று செல்லும். வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டுக் கணிதத்துக்கு மாற விரும்புவோர் பலர் இந்தப் பாதையையே நாடுகின்றனர். ஜெர்மனியில் "விருந்து மாணவர்" முறை உண்டு. சிறு கட்டணம் செலுத்தி விரிவுரை கேட்கலாம், தேர்வு இல்லை. பாரீஸில் 1530-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் நிறுவிய காலேஜ் த பிரான்ஸில் இன்றளவும் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை, பட்டமும் இல்லை. யாரும் சென்று அமரலாம். பிரான்ஸின் தலைசிறந்த கணிதப் பேராசிரியர்கள் பாடம் நடத்தும் இடம் அது.

கணிதத்துக்கு இதில் தனி இடம் உண்டு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தால் ஒரு மேசையும், ஒரு தொகுதி கருவிகளும், பாதுகாப்புப் பொறுப்பும் கூடுகின்றன. கணித வகுப்பில் கூடுவது ஒரு நாற்காலி. விடைத்தாள் திருத்தும் பணி கூடும் என்பது உண்மைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ராமானுஜனுக்காகத் தளர்ந்த விதி: பட்டமில்லாத ஒருவரைப் பல்கலைக்கழகம் எந்த விதியின் கீழ் ஏற்பது என்ற விவாதம் நம் நாட்டில் முதன்முதலாகச் சூடுபிடித்தது சென்னையில்தான், ஆண்டு 1913.

சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். 1907-இல் தனித்தேர்வராக எழுதி மீண்டும் தோற்றவர். கணிதம் தவிர்த்த பாடங்களே ஒவ்வொரு முறையும் அவரை வீழ்த்தின. 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதன்பின் சென்னையில் நடந்ததே நமக்கு முக்கியம்.

அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வானிலைத் துறைத் தலைவரும் முன்னாள் கேம்பிரிட்ஜ் கணித வல்லுநருமான கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். ராமானுஜனின் குறிப்பேடுகளைக் கண்ட அவர், பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 19 அன்று கணிதப் பாடக் குழு கூடியது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏப்ரல் 7-ஆம் தேதி சிண்டிகேட் முன் வந்தபோதுதான் விதி குறுக்கிட்டது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது, இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர்.

துணைவேந்தராக இருந்த நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர் அப்போது பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று அதில் உள்ளதே, நோக்கத்துக்கு விதி தடையாகலாமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். சிண்டிகேட் இசைந்தது. 1913 மே முதல் தேதி தொட்டு ராமானுஜன் பட்டமில்லாத ஆராய்ச்சி மாணவர் ஆனார். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆகஸ்ட், நவம்பர், மறு ஆண்டு மார்ச் என மூன்று அறிக்கைகளை அவர் அளித்தார். 1914-இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது அங்கும் முன்பட்ட நிபந்தனை அவருக்காகத் தளர்த்தப்பட்டது. ஆராய்ச்சி வழியிலான பி.ஏ. பட்டம் 1916 மார்ச்சில் அவருக்குக் கிடைத்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

சட்டம் பயின்ற ஒருவர் முகவுரையைப் படித்ததால் வந்த வினை இது. விதிப் புத்தகத்தை மட்டும் படித்திருந்தால் அன்றைய கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ராமானுஜன் விதிவிலக்கு, அவரைக் காட்டிச் சாதாரண மாணவனுக்கு வழி கேட்கலாகாது என்று சொல்வோர் உண்டு. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் ராமானுஜனை முதலில் அடையாளம் கண்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1907-இல் இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர் வி. ராமசாமி ஐயர். கல்லூரிப் பேராசிரியராக அல்ல, துணை ஆட்சியராகப் பணியாற்றியவர். நாட்டின் பல ஊர்களில் சிதறிக் கிடந்த கணித ஆர்வலர்கள் சந்தா செலுத்திப் புத்தகங்களையும் இதழ்களையும் தருவித்துத் தமக்குள் சுற்றுக்கு விட்டுக்கொண்ட அமைப்பு அது. ராமானுஜன் தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்று பார்த்தது இந்தத் துணை ஆட்சியரைத்தான். சாதாரண ஆர்வலர்களின் அரங்கம் ஒன்று இருந்ததால்தான் அசாதாரணமானவர் கண்ணில் பட்டார்.

தமிழகத்தில் இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1950-களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் இல்லமான "ஏகாம்ர நிவாஸி"ல் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு ஒன்றை நடத்தி வந்தார். அது எந்தப் பாடத்திட்டத்திலும் சேராது. யாருக்கும் அதனால் பட்டம் இல்லை. 1960-இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்த மாணவர்களைக் கண்டு பாராட்டினார். அப்போதைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் பிரதமர் நேருவும் ஆதரவு அளிக்க, 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. வீட்டு மாடியில் பட்டம் சாரா வகுப்பாகத் தொடங்கிய ஒன்று தரமணியில் தேசிய நிறுவனமாக நிற்கிறது.

அனுமதிச் சீட்டுடன் அமர்ந்த பெண்கள்: வெளிநாடுகளிலும் இந்த ஏற்பாடு சலுகையாகத் தொடங்கவில்லை, வாயில் அடைக்கப்பட்டவர்களுக்கான பக்கவழியாகவே தொடங்கியது. நவீன இயற்கணிதத்தின் தாய் எனப்படும் எம்மி நோய்தர் 1900 முதல் 1902 வரை எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற மாணவி அல்லர். பெண்களுக்கு முறையான சேர்க்கை இல்லை. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து கேட்டார். 1904-இல் விதி மாறிய பிறகே அவர் மாணவியானார். 1907-இல் முனைவர் பட்டம். அவருக்கு முன்பு சோஃபியா கோவலெவ்ஸ்காயாவுக்கு பெர்லின் பல்கலைக்கழகம் அந்த ஓர நாற்காலியைக்கூடத் தரவில்லை. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் தம் வீட்டில் நான்காண்டுகள் தனியே பாடம் சொன்னார். கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1874-இல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

நம் நாட்டில் பக்கவழிகள் இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றில் "கேஷுவல்" மாணவர், "நான்-டிகிரி" மாணவர் என்ற வகைகள் விதிகளில் இடம்பெற்றுள்ளன. ஆனால் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தில் ஏற்கெனவே பட்டத்துக்குப் பதிவு செய்து, அந்த நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் வருபவருக்கே அது பொருந்தும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஓரிரு பருவங்கள் மட்டும் வந்து படிக்க ஏற்பாடு உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் முகாம், தேசிய உயர் கணித வாரியத்தின் நிதியுதவியுடன் ஆண்டுதோறும் கோடையில் நான்கு வாரங்கள் நடைபெற்று வருகிறது. கணிதம் கற்பிக்கும் முறையையே பலருக்கு மாற்றிக் காட்டிய அரிய முயற்சி அது. அதிலும் விண்ணப்பிப்பவர் கல்லூரி மாணவராக இருக்க வேண்டும். அதாவது, உள்ளே இருப்பவர்களுக்கே இன்னொரு உள்ளே திறக்கிறது.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் தொடர்கல்வி மையம். வேலைக்குச் செல்வோர் மாலை நேரத்தில் தனிப் பாடங்களாகப் படிக்கும் "புரொஃபிசியன்ஸ்" திட்டத்தை அது நீண்டகாலமாக நடத்தி வருகிறது. அதில் கணிதப் பாடங்களும் உண்டு. பெங்களூருவின் தொழில் நிறுவனங்கள் அருகில் இருப்பதால் தழைத்த திட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தில்லி காட்டிய வழி: இந்தப் பின்னணியில்தான் 2022-இல் தில்லி பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட "திறன் மேம்பாட்டுத் திட்டம்" கவனம் பெறுகிறது. வயது வரம்பு இல்லை. குறிப்பிட்ட பாடத்துக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதி இருந்தால், துறைகளிலும் கல்லூரிகளிலும் ஏற்கெனவே நடைபெறும் வகுப்பில் வழக்கமான மாணவர்களுடன் அமரலாம். ஒரு வகுப்பின் மொத்த இடங்களில் 10 சதவீதம் அல்லது ஆறு, இவற்றில் எது குறைவோ அந்த எண்ணிக்கையில் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்படும். ஒருவர் ஒரு பருவத்தில் அதிகபட்சம் இரண்டு பாடங்கள் அல்லது எட்டு கிரெடிட் வரை எடுக்கலாம். தேறினால் சான்றிதழ், கிரெடிட்டும் கணக்கில் சேரும்.

திட்டத்தின் சிறப்பு, தனி வகுப்பு நடத்தாமல் நடக்கும் வகுப்பிலேயே இடம் தருவதுதான். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் இருபது வயது மாணவியின் பக்கத்தில் அமர்ந்து நேரியல் இயற்கணிதம் கேட்கலாம். தனிச் "சான்றிதழ் படிப்பு" என்று தொடங்கியிருந்தால் அது இன்னொரு மாலை நேரக் கடையாக முடிந்திருக்கும் என்பது எனது எண்ணம்.

இதற்கு இடம் கொடுத்தது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021 ஜூலையில் வெளியிட்ட கல்விசார் கிரெடிட் வங்கி விதிமுறைகள். தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் ஒரு கூறு இது. மாணவர் எங்கே ஒரு பாடம் படித்தாலும் அதற்கான கிரெடிட் அவருடைய மின்னணுக் கணக்கில் வரவு வைக்கப்படும். பின்னர் பட்டத்துக்காக அதை எடுத்துப் பயன்படுத்தலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டையாவது பெற்றிருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்குள் பயன்படுத்தாத கிரெடிட் காலாவதியாகும். தேசியக் கல்விக் கொள்கையின் மற்ற கூறுகளைக் கடுமையாக எதிர்க்கும் தமிழகத்திலும் கேரளத்திலும், இந்த ஒரு கூறை மட்டும் தனியே எடைபோடும் விவாதம் போதிய அளவில் நடக்கவில்லை. ஒருவர் கொள்கையை எதிர்க்கலாம். அதற்காக கல்லாற்று ஆசிரியரின் கோரிக்கை கொள்கையோடு சேர்ந்து அடிபட வேண்டியதில்லை.

இணைய வழி பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்திலும், 2017 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்த "ஸ்வயம்" தளத்திலும் உயர் கணிதப் பாடங்கள் ஏராளம். விரிவுரை கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமெனில் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். பட்டப் படிப்பில் இவ்வாறு பெறும் கிரெடிட்டின் உச்சவரம்பை யு.ஜி.சி. 2016-இல் 20 சதவீதமாகவும் 2021-இல் 40 சதவீதமாகவும் நிர்ணயித்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் படிப்பின் அடிப்படை நிலையில் கணிதப் பாடங்கள் உள்ளன. வயது வரம்பு இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-இல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இத்தனையும் இருக்க வகுப்பறை எதற்கு என்று கேட்கலாம். கணிதம் கற்றவர்களுக்குப் பதில் தெரியும். நிறுவலை ஒருவர் எழுதிக் காட்டும்போது புரிந்ததுபோல் இருக்கும். தானே எழுதும்போதுதான் எங்கே வழுக்கியது என்று தெரியும். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று சிவப்பு மையில் எழுதிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இணையத் தேர்வுக்கு அந்த ஆற்றல் இல்லை. கல்லாறு போன்ற மலையடிவாரத்தில் இணையத் தொடர்பு எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பவும் முடியாது.

சட்டத்தில் உள்ள இடைவெளி: அரசியல் ஆர்வமுள்ள வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. மத்தியக் கல்வி நிறுவனங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடங்களை உறுதி செய்வது 2006-ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம். அன்று தலைநகரில் நடந்த எதிர்ப்புப் போராட்டங்களையும், அவற்றை மீறி நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியதையும், 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தச் சட்டம் "படிப்புப் பிரிவு" என்பதை இளநிலை, முதுநிலை, முனைவர் ஆகிய மூன்று நிலைத் தகுதிகளுக்கு இட்டுச் செல்லும் பயிற்சி என்று வரையறுக்கிறது. பட்டத்துக்கு இட்டுச் செல்லாத தனிப்பாட இடம் இந்த வரையறைக்குள் வருமா?

சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் வராது என்று வாதிட இடமிருக்கிறது. அப்படியானால் வகுப்புக்கு ஆறு இடங்கள் என்று நாடெங்கும் திறக்கப்படும்போது, அவை கட்டணம் செலுத்த இயன்ற நகரவாசிகளுக்கே போய்ச் சேரும் அபாயம் உண்டு. கல்லாற்றுக் காணிக் குடியிருப்பிலிருந்து வரும் பட்டதாரிக்கு, ஐந்தாண்டுப் படிப்பில் சட்டம் தரும் பாதுகாப்பு ஒற்றைப் பாடத்தில் கிடைக்காமல் போகும். ஆறு என்ற எண்ணில் 7.5 சதவீதத்தைக் கணக்கிட முடியாது என்று அலுவலர்கள் சொல்வார்கள். ஒரு துறையின் எல்லா வகுப்புகளையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கணக்கிட்டால் முடியும். ஆசிரியர் பணி நியமனத்தில் துறையை அலகாகக் கொள்வதா, பல்கலைக்கழகத்தையா என்ற இதே சர்ச்சைக்கு நாடாளுமன்றம் 2019-இல் சட்டம் இயற்றித் தீர்வு கண்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தனிப் பாடமாகப் படித்ததற்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்ற கேள்வியும் உண்டு. இதில் தமிழகத்துக்குக் கசப்பான அனுபவம் இருக்கிறது. அடிப்படைப் பட்டம் இன்றியே நேரடியாக முதுநிலைப் பட்டம் பெறும் திறந்தநிலைத் திட்டத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டம் பணி நியமனத்துக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டவர்கள் நடுத்தெருவில் நின்றனர். எனவே தனிப்பாடச் சான்றிதழ் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.

பேராசிரியர்கள் தரப்பின் தயக்கத்தையும் புறக்கணிக்க முடியாது. ஆசிரியர் காலியிடங்கள் குறித்த வினா இரு அவைகளிலும் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. இருப்பவர்கள் மீது பணிச்சுமை ஏறுகிறது. முன்பாடங்களைப் படிக்காதவர் "குலக் கோட்பாடு" வகுப்பில் அமர்ந்தால் வகுப்பின் வேகம் குறையும். விடுதியுடன் கூடிய வளாகத்தில் வெளியாள் நடமாட்டம் பற்றிய கவலையும் உண்டு. முன்பாடச் சோதனை ஒன்றை வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாட ஆசிரியருக்கே கொடுத்துவிட்டால் இவற்றில் பெரும்பகுதி தீரும். எர்லாங்கனில் நூறாண்டுக்கு முன்பு இருந்ததும் அதுதான்; அன்று பால் வேறுபாடு தடையாக இருந்தது, இன்று அது இருக்கக் கூடாது.

ஐசர் நிறுவனங்களுக்கு இதில் ஒரு வரலாற்று விசித்திரமும் உண்டு. 2006-இல் புணேயிலும் கொல்கத்தாவிலும் முதல் இரண்டும், 2008-இல் திருவனந்தபுரத்திலும் தொடங்கப்பட்டபோது அவை சங்கங்களாகப் பதிவு பெற்ற அமைப்புகள்தான். பட்டம் வழங்கும் சட்டபூர்வ அதிகாரம் இல்லை. கபில் சிபல் மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, 2007-ஆம் ஆண்டின் என்.ஐ.டி. சட்டத்தை 2012-இல் திருத்தித்தான் அந்த அதிகாரம் அளிக்கப்பட்டது. பட்டம் தர இயலாத நிலையிலும் அங்கு பாடம் நடந்தது, நன்றாகவே நடந்தது.

அந்தச் சட்டம், நிறுவனம் இனம், சமயம், சாதி, வகுப்பு பாராமல் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மாணவர் சேர்க்கை, பாடங்கள் ஆகியவற்றுக்கான அவசர விதிகள் அல்லாத வழக்கமான உள்விதிகளை வகுக்கும் பொறுப்பை ஒவ்வொரு நிறுவனத்தின் செனட்டுக்கும் தருகிறது. செனட் இயற்றிய உள்விதி ஆட்சிக் குழுவின் முன் வைக்கப்படும். ஆகவே தனிப்பாட மாணவர் என்ற வகையை ஏற்படுத்த நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை. இடஒதுக்கீட்டை அதில் சேர்க்கவும் செனட் தானாகவே முடிவு செய்யலாம். சட்டத் திருத்தம் தேவைப்படுவது, அந்த ஒதுக்கீட்டை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்றால் மட்டுமே.

கல்லாற்றைப் பற்றி இன்னொரு தகவல். அங்குள்ள காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்த பழங்குடி மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவில் வைத்திருப்பவர். கேரள நாட்டுப்புறக் கலை அகாதமியிலும், தென் மாநிலங்களின் பல நிறுவனங்களிலும் பாடம் சொல்லியிருக்கிறார். பட்டமில்லாதவர் வகுப்பறையில் கற்பிக்க வரலாம் என்பதை நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. கற்க வருவதற்கான படிவம்தான் இன்னும் அச்சாகவில்லை.

ஐசர் நிறுவனங்களில் கல்விப் பருவங்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன. அடுத்த பருவத்துக்குள் ஏதேனும் ஒரு செனட் இதை எடுத்துக்கொள்ளுமா என்பதைக் கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது கேரளம், தமிழகம் ஆகிய இரு மாநில உறுப்பினர்களும் கேட்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் அரசுப் பேருந்து விதுரையில் நின்றுதான் கல்லாற்றுக்குப் போகிறது.